கருத்துப்போன சுடுதண்ணீர்க் குழாய்

மத்தியானத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று குளியலறையைப் புதுப்பிக்கிறவன் கறாராகச் சொல்லியிருந்தான். சமையல் மேசைமேல் அவன் விட்டுப்போன குழாய் மாதிரிகள் கிடந்தன: பளபள குரோமியம், மங்கல் நிக்கல், இப்போது ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடுகிற கறுப்பு. கிளெனிஸ் அவற்றைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு தேநீர் குடித்தாள். செத்துப்போன கணவர் கிளெம் போட்ட பித்தளைக் குழாய்களைக் கழற்றி எறிய அவளுக்கு மனசே வரவில்லை.

“கறுப்பை மட்டும் எடுத்துராதே,” என்றாள் நொரீன். கிளெமின் தங்கை, கிளெனிஸோடு ஒரே பள்ளியில் படித்தவள். அதனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. “நம்ம மூண்டா ஊர்த் தண்ணிக்கு வெள்ளை வெள்ளையா உப்புப் படியும். என் மருமக அதைப் போட்டுட்டு நாள் பூரா துணியும் கையுமா நிக்கறா. நல்லா வேணும்!”

“உங்கண்ணன் இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?”

“அவனா? பித்தளைன்னா பைத்தியமாச்சே.”

உண்மைதான். கல்யாணமான புதிதில், தெருவே குரோமியம் போட்டபோது, கிளெம் அடிலெய்டில் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற இடத்திலிருந்து இவற்றைத் தூக்கிவந்தார். மேலே வார்னிஷ் பூசித் தருகிறேன் என்ற கடைக்காரனையும் தடுத்துவிட்டார். கடல் காற்றில் களிம்பு ஏறியது. கிளெனிஸ் கத்தினாள். அவரோ ஞாயிறுதோறும், மீனுக்குப் பிழிந்த எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்து, “பாரு, அரண்மனைக் குழாய்!” என்பார். வயசானபின், தினம் புழங்குகிற கை பட்டாலே மினுங்கும் என்று அதையும் விட்டுவிட்டார். அந்தச் சண்டைகளுக்காக இப்போது ஏங்குகிறாள்.

கை கழுவப் போன நொரீன் குளியலறையிலிருந்து கத்தினாள். “ஏய், இங்க வாடி! ரெண்டும் ஒரே நாள்ல வாங்கின ஜோடிதானே? ஒண்ணு தங்கமா மின்னுது, ஒண்ணு ஏன் அடுப்புக்கரியாக் கிடக்கு?”

கிளெனிஸ் போய்ப் பார்த்தாள். தினமும் அதன் முன்னால்தான் நிற்கிறாள், கண்ணில் பட்டதே இல்லை. சுடுதண்ணீர்த் திருகு கருத்து, இடுக்கெல்லாம் பச்சை பிடித்திருந்தது.

“அவரு சவரம் பண்ற குழாய் அது. நான் எப்பவும் பச்சைத்தண்ணிதான்.”

“இரு, எலுமிச்சை எடுத்தாறேன். ஒரு தேய் தேச்சா சரியாயிரும்.”

“வேண்டாம். அது எலுமிச்சையோட மினுக்கு, அவரு கையோடது இல்ல.” கிளெனிஸுக்கு அழுகை பொங்கிவிட்டது. “அவரு பிரஷ்ஷு, கிண்ணம், எல்லாம் வெச்ச இடத்துலயே இருக்கு, நொரீன். ஒண்ணையும் தொடாம அவரைக் காப்பாத்தறேன்னு நெனச்சேன். அவரு கைபட்ட பளபளப்பை நான்தான் தொடாமலே போகவிட்டிருக்கேன்.”

நொரீன் குழாய்க்கு முன்னாலிருந்து விலகி அவளுக்கு இடம் விட்டாள்.

கிளெனிஸ் திருகைப் பிடித்தாள். இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் திருப்பினாள். வெகுநேரம் பச்சைத்தண்ணீராகவே வந்து, பிறகு சூடு ஏறியது. முகத்தில் அள்ளிவிட்டுக்கொண்டாள்.

“திருடன்! இவ்வளவு சுகத்தைத் தனியா அனுபவிச்சிருக்கான் பாரேன்,” என்றாள் கிளெனிஸ்.

தொலைபேசி அடித்தது. “குழாய் ரெண்டும் அப்படியே இருக்கட்டும்ப்பா,” என்றாள் புதுப்பிக்கிறவனிடம். “பூச்சு கீச்சு ஒண்ணும் வேண்டாம்.”

திரும்பி வந்து நொரீனின் கையைப் பிடித்து அந்தத் திருகின்மேல் வைத்தாள். அண்ணனுக்கு இருந்த அதே அகலக் கை.

“இனிமே இங்க வந்தா இதுலதான் கை கழுவணும்,” என்றாள். “அடிக்கடி வா.”