பத்து நிமிடம் மிதித்த பிறகு

1

இந்தக் கதை முழுக்கக் கற்பனை என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். இது ஒரு வெட்கக்கேட்டிலிருந்து வந்தது, வெட்கப்பட வேண்டியவன் நான்.

எங்கள் சைக்கிள் கிளப்பின் மாத இதழில் கடைசிப் பக்கம் எழுதுகிறவன் நான். பெயர் கமீல், வயது அறுபத்தொன்று. அச்சுக்குப் போகும் முன் ஒருவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து என் பிழைகளைத் திருத்துவார். அவரைப் பற்றிப் பிறகு. இந்த மாதம் 'குளிர்காலத்துக்கு எந்த டிரெய்னர் வாங்கலாம்' என்று எழுதச் சொன்னார்கள். இப்படித் தொடங்கினேன்:

கல் பாவிய சாலைகள் நனைந்து வழுக்கும் மாதங்களில், சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்தி மிதிக்க உதவும் டிரெய்னர்கள் இரண்டு வகை. ஒன்றில் பின்சக்கரம் அப்படியே இருக்கும், டயர் ஓர் உருளையில் உரசிச் சுற்றும். மற்றதில் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேராகக் கருவியிலேயே மாட்ட வேண்டும். எதை வாங்கலாம் என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டபோது நான்

இங்கே கை நின்றுவிட்டது. நான் சொன்னதை எழுதினால் அது கட்டுரையாக இருக்காது.

2

நண்பனுக்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். கிளப்பில் மொத்தமே முப்பத்தெட்டுப் பேர், என்ன பெயர் வைத்தாலும் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நோர்பெர்ட் என்றே இருக்கட்டும்.

எங்கள் வழக்கம் இது: நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, அவரவர் கராஜில் டிரெய்னரில் மிதித்தபடி, திரையில் வரும் ஒரே மேட்டை எல்லோரும் ஏறுவோம். கால் எத்தனை வாட் தருகிறது என்பது பட்டியலில் ஏறும். மார்ச் முதல் ஞாயிறு திறப்புச் சவாரி. பட்டியலில் முதல் பன்னிரண்டு பேர் முதல் குழு, மற்றவர்கள் இரண்டாம் குழு. இரண்டும் வேறு வேறு சாலை. மதியம் கஃபேயில்தான் சந்திப்பு, அதற்குள் முதல் குழு சூப்பைக் குடித்து முடித்திருக்கும்.

நானும் நோர்பெர்ட்டும் இருபத்தேழு வருடம் முதல் குழுவில் தோளோடு தோள் உரச ஓட்டியவர்கள். போன வருடம் அவன் பதினொன்று, நான் பன்னிரண்டு. பதின்மூன்றாவதாக வந்தவனுக்கு முப்பது வயது. (அவன் தொடையை வர்ணித்து ஒரு பத்தி எழுதினேன். பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது, நீக்கிவிட்டேன்.) இந்த வருடம் அவன் நிச்சயம் மேலே வருவான், ஆக எங்கள் இருவரில் ஒருவன் இறங்கியாக வேண்டும்.

3

அக்டோபர். நோர்பெர்ட்டின் சமையலறை. அவன் மனைவி ஹில்டா காபி வைத்திருந்தாள், தட்டில் பால்கட்டி வைத்துச் சுட்ட பணியாரம்.

"நீதான் எல்லாத்தையும் படிச்சுத் தொலைக்கிறவனாச்சே. என் பழைய டிரெய்னர் போயிடுச்சு. புதுசா எதை வாங்கட்டும், சொல்லு," என்றான்.

"உனக்கு இடுப்பு வலி. ஒவ்வொரு வாட்டியும் குனிஞ்சு சக்கரத்தைக் கழட்டிக்கிட்டு இருப்பியா? உருளை வெச்சதையே வாங்குப்பா."

"அது கத்தும்னு சொன்னாங்களே."

"மாடிப்படி ஏறும்போது நீங்க மூச்சு வாங்குறதைவிடவா கத்திடப் போகுது?" என்றாள் ஹில்டா.

மூன்று பேரும் சிரித்தோம். மறுநாளே அவன் உருளைக் கருவியை வாங்கினான். அடுத்த வாரம் நான் என் பழசைத் தள்ளிவிட்டு மற்றதை வாங்கினேன்.*

* இடுப்பு வலி உண்மை. எல்லாப் பொய்யிலும் இப்படி ஓர் உண்மையை வைத்துத்தான் தைக்கிறோம். உருளைக் கருவிக்கு ஒரு விதி உண்டு. முதலில் பத்து நிமிடம் மிதித்து டயரைச் சூடேற்ற வேண்டும், பிறகு போன் செயலியில் கருவியின் அளவை நேர் செய்ய வேண்டும். டயரை உருளையோடு அழுத்தும் திருகை அளவுக்கு மீறி முறுக்கக் கூடாது. தவறினால் கால் தரும் பலத்தைவிடக் கருவி குறைத்துக் காட்டும். கையேட்டில் இந்த வரிகளுக்கு அடியில் நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.

4

அடுத்து நடந்ததற்கு மூன்று வரைவுகள் இருக்கின்றன. முதலாவதில் தப்புக் கடைக்காரருடையது. இரண்டாவதில், எதையும் படித்துப் பார்க்காத நோர்பெர்ட்டுடையது. இரண்டுமே நன்றாக வந்திருக்கின்றன, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்றாவது இது.

ஜனவரியில் அவன் கராஜுக்குப் போனேன். மிதித்துக்கொண்டிருந்தான். வேர்வை தரையில் சொட்டியது. திரையில் 148 வாட்.

"பாரு. போன வருஷம் இதே மேட்டுல இருநூறுக்குக் குறையல. டாக்டர்கிட்டயும் போயிட்டு வந்துட்டேன். இதயம் நல்லா இருக்குங்கிறார். அப்ப வேற என்ன?"

குனிந்து பார்த்தேன். திருகு கடைசிவரை முறுக்கியிருந்தது. டயர் உருளையில் நசுங்கிக் கிடந்தது. சைக்கிள் தெரிந்த எவனுக்கும் ஒரே பார்வையில் புரியும். அரைச் சுற்று தளர்த்தினால் போதும், கை எட்டும் தூரத்தில் இருந்தது.

"என்னப்பா பாக்குற?"

"ஒண்ணுமில்ல," என்றேன். "நமக்கும் வயசாகுதுல்ல."

அவன் மிதிப்பதை நிறுத்தினான். துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான், வெகுநேரம் எடுக்கவில்லை. (இங்கே அவன் அழுதான் என்று எழுதியிருந்தேன். எனக்குத் தெரியாது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

5

நேற்று ஹில்டா போன் செய்தாள்.

"கமீல், சனிக்கிழமை இவரோட சைக்கிளை வாங்க ஆள் வருது. ஞாயித்துக்கிழமை சவாரிக்கு வரலயாம். இரண்டாம் குழுவுல தொங்கிக்கிட்டு வர்றதுக்கு வீட்டுலயே இருந்துடறேன்னு சொல்றாரு. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொன்னால் கேட்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பட்டியல் வந்துவிட்டது. நான் பன்னிரண்டு.

6

முடிவுகள். ஒன்று: கமீல் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்கிறான், நோர்பெர்ட் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். கிளப் விருந்தில் வாசித்தால் கைதட்டுவார்கள். இரண்டு: கமீல் ரகசியமாகப் போய்த் திருகைத் தளர்த்திவிட்டு வருகிறான், யாருக்கும் தெரிவதில்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதனாலேயே விட்டுவிட்டேன். மூன்று: இந்தத் தாள் அச்சுக்குப் போகும் முன், பிழை திருத்துகிறவர் கைக்குப் போகிறது.

இருபது வருடமாக என் பிழைகளைத் திருத்துகிறவன் நீதான், நோர்பெர்ட். இந்தக் கதையின் முதல் வாசகனும் நீதான். நேரில் வந்து சொல்லத் துணிச்சல் இல்லாமல் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

பேனாவைக் கீழே வை. கராஜுக்குப் போ. பின்பக்கத் திருகை அரைச் சுற்று தளர்த்து. பத்து நிமிடம் மெதுவாக மிதி. பிறகு நிறுத்தி, போனில் அளவை நேர் செய். அதன் பிறகு அந்த மேட்டை ஏறு. திரையில் வரும் எண்தான் உன்னுடையது, குளிர்காலம் முழுக்க அதுதான் உன்னுடையதாக இருந்தது.

எனக்கு அந்த எண் தெரிய வேண்டாம். சனிக்கிழமை வருகிற ஆளுக்கு என்ன பதில், இந்தப் பக்கம் அச்சேறுமா, ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்தில் யார் ஓட்டுவது என்பதெல்லாம் உன் கையில். கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். சிவப்பிலேயே எழுது.