கண்ணை மூடிக்கொண்டு அட்டை தூக்கிய வகுப்பு

பாடம் புரிந்தால் பச்சை அட்டை, புரியாவிட்டால் சிவப்பு. அந்த வருடம் பள்ளியில் வந்த புது ஏற்பாடு அது. ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பாடம் முடிந்ததும் அட்டைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவார். மூன்று வாரமாக முப்பத்தாறு பேரும் பச்சைதான். தலைமையாசிரியர் மற்ற ஆசிரியர்களிடம் அந்தப் பதிவேட்டைக் காட்டிக் காட்டிப் பேசினார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

பின்னப் பாடத்தைப் பார்வையிடத் தலைமையாசிரியரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த அன்று, வாயாடி என்று பெயரெடுத்த ஒருத்தி மட்டும் சிவப்பைத் தூக்கினாள்.

"அட்டைய மாத்திப் பிடிச்சிட்டியாம்மா?" என்று டீச்சர் நயமாகக் கேட்டார்.

"இல்ல மிஸ். நாலுல ஒண்ண விட எட்டுல ஒண்ணுதானே பெருசு? நீங்க சின்னதுன்னு சொல்றீங்க."

இவளுக்கு எடுத்துச் சொல் என்று முதல் ரேங்க் பையனை எழுப்பினார் டீச்சர். அவன் யோசித்துவிட்டு, எட்டுதான் பெரியது என்றான். பக்கத்துப் பையனும் அதையே சொன்னான். டீச்சர் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அட்டை தூக்கச் சொன்னார். இருபத்தொன்பது சிவப்பு. பச்சை தூக்கிய ஏழு பேரில் ஒருவன், கண்ணை மூடியதில் அட்டை மாறிவிட்டது என்றான்.

இத்தனை நாள் ஏன் பச்சை காட்டினீர்கள் என்று கேட்டதற்கு முதல் ரேங்க் பையன்தான் பதில் சொன்னான்.

"சிவப்புன்னா நீங்க திரும்ப நடத்துவீங்க மிஸ். இன்டர்வெல் போயிடும்."

தலைமையாசிரியர் தன் குறிப்பேட்டில், நூறு சதவீதமாக இருந்த புரிதல் ஒரே பாடவேளையில் பத்தொன்பதாகச் சரிந்தது என்று எழுதினார். ஆசிரியருக்குப் பயிற்சி தேவை என்றும் சேர்த்தார்.

"நல்லாத்தானே போயிட்டிருந்துது டீச்சர், எதுக்குக் கண்ண மூடச் சொன்னீங்க?" என்று பிறகு அறையில் வருத்தப்பட்டார்.

மறுநாள் டீச்சர் காகிதப் பட்டைகளோடு வகுப்புக்குப் போனார். நான்காகவும் எட்டாகவும் மடித்து, எந்தத் துண்டு பெரிது என்று எழுதச் சொல்லிவிட்டு, மேசை மேசையாகக் குனிந்து, ஒவ்வொருவரும் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தார். நான்கு நாள் பிடித்தது. அந்த மாதப் பாராட்டுச் சான்றிதழ் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குப் போனது. அவருடைய பதிவேட்டில் எல்லாமே பச்சை. டீச்சர் கைதட்டினார்.

டீச்சருடைய வகுப்பில் முப்பத்துமூன்று பேருக்குப் புரிந்துவிட்டது. மீதி மூவரோடு இன்டர்வெல்லில் உட்கார்ந்தார். வாயாடி இன்னும் ஒத்துக்கொள்வதாக இல்லை.