கன்னையாவின் சைக்கிள்

ரயில்வே பட்டறையில் கன்னையாவுக்குப் பெட்டிகளுக்குச் சாயம் அடிக்கிற வேலை என்று பேர். அவன் பிரஷ்ஷைத் தொட்டதைப் பார்த்தவர் யாரும் இல்லை. பட்டறை இருந்த பிரிக்ஃபீல்ட்ஸின் கால்பந்து அணிக்கு அவன்தான் கோல்கீப்பர். பந்தைப் பிடிக்கிற வரைக்கும் சம்பளமும் உண்டு, குவாட்டர்ஸில் வீடும் உண்டு.

1934-இல் கோப்பைக்கான ஆட்டம் கிள்ளான் அணியோடு. கிள்ளானில் அரிசிக்கடை வைத்திருந்த சபாபதி, தன் ஊர் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டிவிட்டு, புத்தம் புது சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கன்னையா முன்னால் நின்றார். இரண்டு பந்தை விட்டால் போதுமாம். மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்ததுமே நம் ஆளின் மனசு வழுக்கிவிட்டது.

பாவி, விடத்தான் பார்த்தான். பந்து வலப்பக்கம் வரும் என்று தெரிந்தே இடப்பக்கம் பாய்ந்தான். கிள்ளான்காரனின் உதை பிசகி, பந்தும் இடப்பக்கமே வந்து அவன் நெஞ்சில் மோதி வெளியே ஓடியது. இன்னொரு தரமும் இதே கூத்து. ஒன்றுக்குச் சைபர் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் ஜெயித்தது. கன்னையாவைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள். சபாபதி யாரிடம் போய்ச் சொல்லி அழுவார்? சைக்கிள் கன்னையாவிடமே தங்கிவிட்டது.

அந்தக் குறுகுறுப்பில், மறு வருஷம் வேறு ஒருவன் கொண்டுவந்த கைக்கடிகாரத்தை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உயிரைக் கொடுத்து ஆடினான். கடைசி நிமிஷத்தில் மழையில் ஊறிய பந்து இரண்டு கைக்கும் நடுவே விலாங்கு மீனாய் நழுவி உள்ளே போயிற்று. அந்த வருஷக் கோப்பை கிள்ளானுக்குப் போனது.

கன்னையா ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று மறுநாளே ஊர் பேசியது. சாயம் அடிக்கிறவனுக்கு ஏது சைக்கிள் என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அணியின் கேப்டன் லெஸ்லியின் சொல் பட்டறைத் துரையிடம் எடுபடும். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால் வேலை நிற்கும், இல்லாவிட்டால் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று அவன் சொல்லிவிட்டான். வீட்டில் மனைவி இராஜம்மா கைக்குழந்தையோடு இருந்தாள்.

கன்னையா தெம்பாகத்தான் போனான். இந்த ஆட்டத்தில் அவன்மேல் ஒரு குற்றமும் இல்லையே! மாதா கோவில் பூசை முடிந்து நேரே வந்திருந்த லெஸ்லி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சத்தியத்தின் வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தான்.

"பந்து பிடிக்கிற இந்தக் கையால நான் யார்கிட்டயும் எதையும் வாங்கினது இல்ல. சொல்லு."

கற்பூரச் சுடருக்கு மேலே போன கை அந்தரத்திலேயே நின்றது. சுடர் உள்ளங்கையைச் சுட்டது. அதை அணைத்துவிட்டால் வீடும் வேலையும் மிஞ்சும். அவனால் முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டான். கூட்டம் காறித் துப்பிவிட்டுக் கலைந்தது.

லெஸ்லியை ஓரமாய்க் கூட்டிப்போய்க் கன்னையா எல்லாவற்றையும் கொட்டினான்.

"இந்த வருஷம் ஒண்ணும் வாங்கல லெஸ்லி. சைக்கிள் வாங்கினது போன வருஷம்."

"போன வருஷம் நாமதான லா ஜெயிச்சோம்?"

"தோக்கத்தான் பார்த்தேன். முடியல."

கூட்டம் போய்விட்டதா என்று லெஸ்லி திரும்பிப் பார்த்தான். அவன் நம்பிவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது. கன்னையாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

"கன்னையா, நீ நாளைக்கே வீட்டைக் காலி பண்ணிரு. ஆனா போன வருஷக் கதையை மட்டும் வெளிய விட்றாதே," என்று லெஸ்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்தக் கோப்பையைத் திருப்பிக் கேட்டுடுவாங்க."