கோலத்தில் இல்லாத வீடு

பொன்னாத்தாள் தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்றுகொண்டிருந்தாள். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் சாணி தெளித்த மண்ணில் பெண்கள் குனிந்து, கோலமாவால் தங்கள் தெருவையே வரைந்துகொண்டிருந்தார்கள். காலையில் யூனியன் ஜீப்பில் வந்திறங்கிய சேலத்து நர்சு தெய்வநாயகிதான் அப்படி வரையச் சொன்னது. முதலில் ஜவ்வரிசி மில். மில்லிலிருந்து மரவள்ளிக்கிழங்கு கழுவிய தண்ணீர் ஓடிவரும் வாய்க்கால். வாய்க்காலை ஒட்டி வீடுகள். அவரவர் வீட்டை அவரவரே போட வேண்டும். வீட்டில் வயிற்றுப்போக்கோ ஆறாத புண்ணோ இருந்தால் ஆளுக்கொரு மொச்சைக்கொட்டையை அதற்குள் வைக்க வேண்டும். கொட்டை அதிகம் சேரும் பக்கத்துக்கு நல்ல தண்ணீர்க் குழாய் கேட்டு எழுதப்போவதாக நர்சு சொல்லியிருந்தாள்.

"ஏனக்கா, உன்ற ஊடு என்ன அரமனையா? பாதித் தெருவ வளைச்சுப் போட்டுட்டியே" என்றாள் முத்தாயம்மாள்.

சென்னியம்மாள் நிமிரவே இல்லை. "நெசத்துலதான் ஓட்டு ஊடு. மாவுலயாச்சும் மச்சு ஊடு கட்டிக்கறேன், உனக்கென்ன வவுத்தெரிச்சல்?"

எல்லோரும் சிரித்தார்கள். நர்சும் சிரித்தாள். பொன்னாத்தாளின் முகமும் அந்தச் சிரிப்புக்கு ஏற்றபடி கொஞ்சம் அசைந்து பிறகு நின்றது.

ஆடியில் மகன் மயில்சாமி போனதிலிருந்து இப்படித்தான். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பாள். வெந்தது தெரியும். விரல் சுட்டது தெரியாது. மூன்று வயதுப் பிள்ளை. விடிகாலையில் வயிற்றால் போக ஆரம்பித்தது, திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸிலேயே அவள் மடியில் கனத்துப்போயிற்று. அழுகை அப்போது வந்ததோடு சரி. வாய்க்கால், தெருவின் கடைசியில், அவள் வீட்டுக்குப் பின்னால்தான் போக வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. அதிலிருந்து நாலு எட்டில் கிணறு. புளித்த வாடை தலையணையில்கூட இருக்கும் என்று வந்துபோகிறவர்கள் சொல்வார்கள். அவளுக்கு அதுவும் தெரிவதில்லை.

இழவு விழுந்த வீட்டில் வருசம் திரும்பும்வரை வாசலில் கோலம் போடுவதில்லை. அதனால்தான் அவள் மாவுக் கிண்ணத்தின் பக்கம் போகவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவுமில்லை. துக்க வீட்டுக்காக இன்னொருத்தி கோடு இழுப்பதும் வழக்கமில்லை. வெள்ளைக் கோடுகள் சென்னியம்மாளின் மச்சு வீட்டோடு நின்றன. அதற்கப்பால் வெறும் மண்.

நர்சு எல்லாவற்றையும் பென்சிலால் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் நின்று, "இதுக்கு அந்தப் பக்கம் வீடே கிடையாதா?" என்றாள்.

சென்னியம்மாள் பொன்னாத்தாளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "இருக்குதுங்க. அவங்க இந்த வருசம் கோலமாவு தொடமாட்டாங்க."

"மாவு வேண்டாம்மா, வாயில சொன்னாப் போதும். உங்க வீட்ல யாருக்காவது சீக்கு இருக்கா?"

பொன்னாத்தாள் யோசித்தாள். புருசன் தறிக்குப் போயிருக்கிறான். மகள் சின்னாயி காலையில் கம்மஞ்சோறு இரண்டு வாய் கூடுதலாகவே தின்றாள்.

"இப்ப யாருக்கும் இல்லீங்க" என்றாள்.

அது உண்மைதான். பெற்றவள் நிற்கும்போது மற்றவர்கள் செத்த பிள்ளையின் பேச்சை எடுக்க மாட்டார்கள். நர்சு தலையாட்டி, காகிதத்தில் மில்லை ஒட்டி வட்டம் போட்டாள். "மில் பக்கம்தான் கொட்டை அதிகம். குழாயை அங்க கேட்டு எழுதறேன்."

"எங்கூட்டு வாசல்லயேவா? அப்பக் குடத்துக்கு இத்தனைன்னு வாங்கிப்போடுவேன்" என்றாள் முத்தாயம்மாள். மறுபடி சிரிப்பு.

சின்னாயி வெள்ளைக் கோடுகளை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தாள். மில்லிலிருந்து விரலால் ஒவ்வொரு வீடாகத் தொட்டுக்கொண்டு வந்தவள், வெறும் மண்ணில் வந்து நின்றாள்.

"ஏம்மா, நம்மூட்டக் காணோம்?"

பொன்னாத்தாள் குடத்தை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை அதை மறந்துபோனாள். வெயில் ஏறியிருந்தது. இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். "தண்ணி ஊத்தும்மா."

பொன்னாத்தாள் குடத்தைச் சாய்த்தாள். விளிம்பு வரை தண்ணீர் வந்தது, வீட்டுக் கிணற்றில் சேந்தி வந்த தண்ணீர். குவிந்த அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"ஊத்தும்மா."

"பொறு சாமி."

குடத்தை அப்பால் நகர்த்தினாள். சென்னியம்மாள் வீட்டுக்கு அடுத்த வெறும் மண்ணில், குனிந்து, சன்னமாகத் தண்ணீரை ஒழுக விட்டாள். நீளமாக ஒரு கோடு. திரும்பி இன்னொன்று. நான்கு பக்கமும் ஆனதும், அதன் பின்புறம் மீதித் தண்ணீரையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டினாள். அது போக வழியில்லாமல் அங்கேயே நின்றது.

நர்சு அருகில் வந்தாள். "இது உங்க வீடா?"

"என்ற ஊடுதானுங்க."

"எத்தனை கொட்டை வைக்கட்டும்?"

பொன்னாத்தாள் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். நர்சு உள்ளங்கையில் ஒற்றை மொச்சைக்கொட்டையோடு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

தண்ணீர்க் கோடு ஓரங்களில் காயத் தொடங்கியிருந்தது. எங்கிருந்தோ ஓர் ஈ வந்து அதில் உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று, பிறகு கோடு நெடுக வரிசையாக. பக்கத்துக் கோலமாவுக் கோடுகளில் ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் ஈரம் முழுக்கக் காய்ந்துபோனது. ஆனாலும் வீடு தெரிந்தது, நான்கு பக்கமும் கறுப்பாக, அசைந்துகொண்டு.