விட்டுப்போன பேர்

பெரிய வெள்ளிக்கு மறுநாள் காலை, கல்லறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மாமியார் சௌந்தரத்தம்மாள் அதைச் சொன்னாள்.

"திங்கக்கெழம எளையவன் ஜெபதுரை பட்டாளத்துல சேரப் போறான் தாயி. மணிப்பூர்ப் பக்கம் ரோடு போட ஆளெடுக்காகளாம். போனா அண்ணனத் தேடிக் கூட்டியாந்துருவேங்கான்."

மருமகள் பூவின் கை நின்றுவிட்டது. சுண்ணாம்பு முழங்கை வழியாக ஒழுகியது.

அவள் பர்மாவில் பஸ்ஸீன் ஊர்க்காரி, கரேன் சாதி. சொந்தப் பெயர் நோபோ. அவர்கள் பாஷையில் 'போ' என்றால் பூ. தமிழில் அது விரட்டுகிற மாதிரி இருக்கிறதென்று, அரிசி ஆலையில் கணக்கராக இருந்த ஜான்ராஜ் கட்டிக்கொண்ட அன்றே 'பூ' என்று மாற்றிவிட்டான். போன வருஷம் ஜப்பான்காரன் வந்தபோது, ஜனங்களோடு ஜனங்களாக இருவரும் மணிப்பூர் மலை ஏறி இந்தியாவுக்கு நடந்தார்கள். பரளச்சிக்குக் கிழக்கே இந்தக் கரிசல் ஊருக்கு வந்து சேர்ந்தது அவள் மட்டும்.

ரயிலில் வரும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். 'அவங்க செத்துப் போனாங்க.' வாசலில் மாமியார் இரண்டு கையாலும் அவள் முகத்தை ஏந்தி, "எம்மவன் எங்க தாயி?" என்று கேட்டபோது வாய் வேறெதையோ சொல்லிவிட்டது. "மணிப்பூர் ஆஸ்பத்திரியில இருக்காங்க. வருவாங்க." அதில் இரக்கம் பாதி, பயம் பாதி. பிள்ளையில்லாத, வேற்று முகமுள்ள ஒருத்தியை, புருஷனும் இல்லையென்றால் யார் வீட்டுக்குள் விடுவார்கள்? அன்றிலிருந்து கிழவி ஞாயிறுதோறும் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாரிடம் மகனுக்காக ஜெபிக்கச் சொன்னாள். மருமகளுக்கு முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் தான் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என்ன செய்வாங்க, அத்தை?" பூ பேச்சை மாற்றப் பார்த்தாள். இந்த ஊரில் அவளுக்கு இது முதல் ஈஸ்டர்.

"விடியக்கருக்கல்ல பாடிக்கிட்டே இங்க வருவோம். போன ஈஸ்டருக்குப் பெறகு தவறுனவுக பேர உபதேசியார் வாசிப்பாரு. வீட்டாளுக பூப் போடுவாக. கடைசியா, யாரு பேராச்சும் விட்டுப்போச்சான்னு கேப்பாரு. அப்புறந்தான் உயிர்த்தெழுந்த பாட்டு."

சுண்ணாம்பு காய்ந்து தோல் இழுத்தது. பூ அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸீனில் ஈஸ்டருக்குப் படகில் போவார்கள். துடுப்புச் சத்தத்துக்கு ஏற்பப் பாட்டு நீளும். இங்கே மறுநாள் செருப்பில்லாத கால்கள் வெடித்த மண்ணில் நடந்தன. பெண்கள் சொளகில் அரளியும் கோழிக்கொண்டைப் பூவும் ஏந்தியிருந்தார்கள். கிழக்கு வெளுக்கையில் எல்லாரும் கல்லறைகளுக்கு நடுவே நின்றார்கள். ஜெபதுரை அவளுக்கு முன்னால் நின்றான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். பின்னங்கழுத்து அவன் அண்ணனுடையது மாதிரியே இருந்தது.

உபதேசியார் சாலமோன் தாளைப் பிரித்தார்.

"மூக்கம்மாள்."

ஒரு கிழவர் தடுமாறிப் போய்ப் பூக்களை வைத்தார்.

"ரத்தினம். இன்பராணி."

அவ்வளவுதான். அவர் தாளை மடித்தார். "யாரு பேராச்சும் விட்டுப்போச்சா?"

பூ ஜெபதுரையின் கழுத்தையே பார்த்தாள். பேசாமல் இருந்தால் நாளைக்கும் மறுநாளும் சோறு உண்டு. அத்தையின் கை தலையைத் தடவும். இவன் மட்டும் அந்த மலைக்குப் போவான். ஒவ்வொரு முகாமாகப் போய், செத்துப்போனவனைக் கேட்டுக்கொண்டு திரிவான். உபதேசியார் பாட்டுக்கு வாயைத் திறந்தார்.

"ஜான்ராஜ்," என்றாள் பூ.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அவள் மறுபடியும், உரக்கச் சொன்னாள்.

"ஜான்ராஜ். எங்க வீட்டுக்காரங்க."

ஜெபதுரை திரும்பினான். "மதினி, என்ன சொல்றீக?"

"வழியிலயே செத்துட்டாங்க. காலரா. நீ போகாத. அங்க யாரும் இல்ல."

சௌந்தரத்தம்மாள் அழவில்லை. மருமகளை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்து, கையெட்டும் தூரத்தில் நின்றாள். அடி விழும் என்று பூ கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க பொதச்ச?"

"பொதைக்கல, அத்தை. மண்வெட்டி இல்ல. ஓடைப் பக்கத்துல எலை போட்டு மூடுனேன். பின்னால வந்தவங்க தள்ளிக்கிட்டே இருந்தாங்க. நடந்துட்டேன்."

"ஒரு வருசமா எஞ்சோத்தத் தின்னுக்கிட்டு..." என்று தொடங்கிய கிழவி முடிக்கவில்லை. சொளகோடு நகர்ந்து போனாள். பூக்களை எங்கே வைப்பதென்று தெரியாதவள்போலக் கல்லறை கல்லறையாகப் பார்த்தாள். பிறகு வேலியோரத்தில், புருஷன் கல்லறைக்குப் பக்கத்து வெறுந்தரையில் உட்கார்ந்து முள்ளையும் சரளையையும் கையால் ஒதுக்கத் தொடங்கினாள். யாரும் பாடவில்லை. வெயில் கிளம்பிவிட்டது.

மகனுக்கென்று ஓர் ஆள் நீளத்துக்கு ஒதுக்குகிறாள் என்று பூவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அவள் மெல்லப் போய் மறுகோடியில் குத்தவைத்து ஒரு முள்ளை எடுத்தாள்.

கிழவியின் கை நின்றது. ஆனால் 'போ' என்று அவள் சொல்லவில்லை. விரலிடுக்கில் கறுப்பு மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.