நடு அறை கொட்டிய 'ம்'

அருகில் வந்து உட்காருங்கள் என் கண்ணுகளா. கால் மரத்துப்போனவர்கள் நீட்டிக்கொள்ளலாம். ஒரு கதை சொல்லப்போகிறேன். இந்தக் கதைக்கு மட்டும் யாரும் 'ம்' கொட்ட வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குள் வில்லை பொருத்துகிற பெண் ஒருத்தி இருந்தாள். புருஷன் பஸ் டிரைவர். குடி இல்லை, அடிதடி இல்லை. இருவருக்குள்ளும் பேச்சு வற்றிப்போயிற்று, அவ்வளவுதான். பிரிந்துவிடலாம் என்று முடிவானபோது அவள் வக்கீல் வேண்டாம் என்றாள்.

"நமக்குள்ள சண்டையே இல்ல. வக்கீல் வந்தா அளவெடுத்துப் புதுசா ஒண்ணு தச்சுக் குடுப்பாரு."

மனுவைத் தானே எழுதினாள். ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரு வருடம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். தனி அடுப்பு, தனிப் படுக்கை, பேச்சுவார்த்தை கூடாது. அதைச் சத்தியமாக எழுதித் தர வேண்டும். அவன் முன் அறைக்குப் போனான், வாசல் வழி அவனுக்கு. அவள் பின் அறைக்குப் போனாள், பின்படி அவளுக்கு. நடு அறையைக் காலி செய்து இருபக்கக் கதவுகளையும் சாத்தினார்கள்.

வருடம் முடிந்தது. மனுவோடு நீதிமன்ற ஜன்னலில் நின்றவளுக்கு ஒரே ஒரு சந்தேகம். பொய்ச் சத்தியம் செய்ய அவளுக்கு வாய் வராது.

"சார், ஒருத்தர் பேச இன்னொருத்தர் 'ம்' மட்டும் கொட்டினா, அது பேச்சா?"

குமாஸ்தா சிரித்தார். "அம்மா, எங்க வீட்ல நடக்கிற பேச்சே அது மட்டுந்தான். ஆமா, பேச்சுதான். அப்படி நடந்திருந்தா வருஷத்த மறுபடி மொதல்ல இருந்து எண்ணணும்."

அவள் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மாலையில் செருப்பைக் கழற்றும்போதே அன்றைய கதையை நடு அறைச் சுவரைப் பார்த்துச் சொல்வது அவள் வழக்கம். அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல ஒரு 'ம்' வரும். அவனுக்கு என்ன ஷிப்ட் என்று அவள் கேட்டதில்லை. அந்த 'ம்' போதுமாக இருந்தது. சில நாள், மனுவைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் வழியாகச் சுற்றிப்போய் அவன் கதவைத் தட்டினாள்.

"உள்ள வரலாமா?"

"இதென்ன ஆஸ்பத்திரியா? வா."

"கையெழுத்துக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். நான் பேசினப்பல்லாம் நீங்க 'ம்' கொட்டினீங்களே, அத எழுதணுமாம்."

அவன் நிமிர்ந்தான். "நான் எங்க கொட்டினேன்? நீதான கொட்டின. பஸ்ஸுல ஏறின கிறுக்கனுங்க கதையெல்லாம் சொல்வேன், நீ 'ம்' 'ம்'னு கேட்டுட்டே இருப்ப. அது இல்லாட்டி இந்த வருஷத்த நான் தாண்டியிருக்கவே மாட்டேன்."

"விளையாடாதீங்க."

"நான் எப்ப விளையாடினேன்?"

அப்போது நடு அறைக்குள்ளிருந்து, நிதானமாக, ஒரு 'ம்' வந்தது.

இருவர் வாயும் மூடியிருந்தது. இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது உன் குரல்," என்றான் அவன், மூச்சுக்குள்.

"இல்லங்க. உங்க குரல்."

அவன் நடு அறைக் கதவைத் தள்ளினான். காலி அறை. தரையெங்கும் வருடத்துத் தூசி, ஒரு காலடித் தடம் இல்லை. ஆனால் அவன் பக்கச் சுவரோரம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தூசியே இல்லை. அவள் பக்கச் சுவரோரமும் அப்படித்தான். இரண்டு சுவரிலும், உட்கார்ந்த ஆளின் காது உயரத்தில், தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்த எண்ணெய்க் கறை. விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது.

நெஞ்சின் ஓரத்தில் அவள் பொத்தி வைத்திருந்த ஏதோ ஒன்று அங்கேயே அணைந்தது.

"அப்போ நாம பேசவே இல்ல," என்றாள்.

"ஒரு வார்த்தகூட இல்ல."

சத்தியம் சுத்தமாக இருந்தது. நின்ற வாக்கில் கையெழுத்துப் போட்டார்கள். கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வெளியே வந்து, அன்றே ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

மறுநாள் இருவரும் நீதிமன்ற ஜன்னலில் நிற்க, குமாஸ்தா தாள்களைப் புரட்டினார். "எல்லாம் சரி. வீடு யாருக்குன்னு எழுதலையே?"

"அவருக்கே இருக்கட்டும்," என்றாள் அவசரமாக.

"ஐயோ, வேணாம்! அவளுக்கே குடுத்துடுங்க."

"ரெண்டு பேரும் இவ்ளோ விட்டுக்குடுக்கறீங்க, அப்புறம் எதுக்குப் பிரியறீங்க?"

இருவரும் தங்கள் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். எடுக்க ஆள் இல்லாமல் அவை அங்கேயே கிடந்தன. மனு மட்டும் உள்ளே போனது.

என் கண்ணுகளா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் நீங்கள் யாரிடம் பேசுகிறீர்களோ அவர்களே உங்களுக்குப் பதில் சொல்லட்டும். உங்கள் அறைகளிலெல்லாம் உங்களுக்குத் தெரிந்த முகங்களே நிறைந்திருக்கட்டும்.