மாற்றமில்லை என்று எழுதப்பட்ட மலை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்த ஊரின் கடல் எழுந்து போய்விட்டது. சத்தம் ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்தன. மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் பாதி விலையில் வாயை மூடிக்கொண்டார். காரணத்தைத் தேடி யாரும் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை, அது நில அளவை அலுவலகத்தின் பச்சை அட்டைப் பதிவேட்டில் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை நீர் விளிம்பில் தொடங்கி, கருவியைப் படிப்படியாக நகர்த்திக்கொண்டே ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையின் உச்சிக் கல்வரை போய், அதன் உயரத்தை அளந்து எழுத வேண்டும் என்பது விதி. பாதை செங்குத்து, கருவியோ பிணம் கனம் கனக்கும். அதனால் இருபத்தாறு ஆண்டுகளாக யாரும் ஏறவில்லை. போன ஆண்டின் எண்ணைப் பார்த்து எழுதி, பக்கத்தில் ‘மாற்றமில்லை’ என்று போட்டுவந்தார்கள். மலைக்கு ஆண்டுக்கு ஒரு மயிரிழை மாற வேண்டியிருந்தது, கடலுக்கு ஒரு சாண். யாராவது வந்து கேட்கட்டும் என்று இரண்டும் மரியாதையாகக் காத்திருந்தன. எத்தனை நாள்தான் பொறுக்கும்? இருபத்தாறாவது ‘மாற்றமில்லை’யை எழுதி அளவையம்மா பேனாவை மூடியபோது மணி பத்தேகால்.

அளவையம்மா என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். கடைசி ஒன்பது ஆண்டுகளின் எண்கள் அவள் கையெழுத்தில்தான் இருந்தன. அவள் புருஷன் படகு இன்ஜின் மெக்கானிக். அன்று காலை பழுது பார்த்த ஓர் இன்ஜினை ஓட்டிப் பார்க்கத் தனியாகக் கடலுக்குள் போயிருந்தான். கடல் போனபோது அவனையும் சேர்த்துக்கொண்டு போயிற்று. கிளம்புமுன் பிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டே, தினமும் கேட்பது போல, “எப்படி இருக்கே?” என்று கேட்டான். அவளும் சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், தினமும் சொல்வது போல, “அப்படியேதான்” என்றாள். அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். அது அவள் நெஞ்சை அறுத்தது.

வியாழக்கிழமை கடல் திரும்பி வந்தது, ஆனால் பழைய இடத்துக்கு இல்லை. கோபித்துக்கொண்டு கிளம்பியவர்கள் பழைய வாடகை வீடுகளையெல்லாம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவதைப் போல, கோடிக்கணக்கான ஆண்டுகளில் தான் இருந்த இடங்களுக்கெல்லாம் அது போய் வந்தது. ஒரு நாள் மலை வெறும் தீவாக இருந்தது, தபால்காரர் படகில் வந்தார். இன்னொரு நாள் மலையே இல்லை. அது பிறக்கும் முன்பு அங்கே கிடந்த சேற்றுத் தரைதான் இருந்தது, ஊர் முழுக்க நாற்பது ஆள் ஆழத் தண்ணீருக்குள் கிடந்தது. மூச்சுவிடுவதில் ஒரு சிரமமும் இல்லை, துவைத்த துணி காயவில்லை என்பதுதான் புகார். அதற்கடுத்த வாரம் கரை மூன்று நாள் நடை தூரத்துக்கு விலகியது. பனிக்காற்று அடித்தது. உடம்பெல்லாம் சடை தொங்கும் பெரிய மிருகங்கள் வந்து தபால் ஆபீஸ் வேலியைத் தின்றன. பாலத்தை விட்டுவிட்டு ஆறு ஊருக்கு வலப்பக்கமாக ஓடியது. உப்பு விலை கால்வாசி ஏறி, பிறகு இறங்கியது. கம்பளி விற்றவர் மாடி கட்டினார். ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். பழகாதவர்கள் இரண்டே பேர், அளவையம்மாவும் அவள் நாத்தனாரும். தையல்கடை வைத்திருந்த நாத்தனார் தினமும் இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே அலுவலக வாசலில் வந்து நின்று, “என் தம்பி எங்கே?” என்று கேட்டாள்.

பதில் சொல்ல முடியாமல்தான் அளவையம்மா கருவியைத் தூசி தட்டி எடுத்தாள். “எதுக்கும்மா ஏறி இறங்கிக்கிட்டு? கல்லு எங்க ஓடிடப் போகுது?” என்றார் தலைமை எழுத்தர். அன்று கடல் நல்லவேளையாகக் காய்கறிச் சந்தைவரை வந்து நின்றிருந்தது. நாத்தனார் நீர் விளிம்பில் அளவுகோலைப் பிடித்தாள். இருவரும் படிப்படியாக மேலே போய் உச்சிக் கல்லை எட்டியபோது மாலை நாலு மணி. அளந்து முடித்து, அளவையம்மா கருவியைக் கடல் பக்கம் திருப்பினாள். பழைய கருவி, எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டும். அதில் படகு தெரிந்தது. படகில் அவன் தலைகீழாக உட்கார்ந்து பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். இடது காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழே இருந்தும் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த எண்ணை வந்தபடி பதிவேட்டில் எழுதினாள். கடல் ஓராண்டுக் கோபத்தை மட்டும் விட்டு, பழைய இடத்தை நோக்கி ஓர் எட்டு வைத்தது. இருவரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

ஆக, இருபத்தாறு தடவை ஏற வேண்டும். தினமும் ஏறினார்கள். மலை ஒருநாள் குட்டையாகவும் ஒருநாள் நெட்டையாகவும் இருந்தது. ஒருநாள் உச்சிக் கல்லுக்குப் பக்கத்தில் பெரணிக் காடு, மறுநாள் அதே இடத்தில் சிப்பிக் குவியல். படகு நெருங்கிக்கொண்டே வந்தது. பத்தொன்பதாம் நாள் அளவையம்மாவின் முட்டி வீங்கிப்போயிற்று. பாதி மலையில் உட்கார்ந்தாள். மழை வேறு. நேற்றைய எண் பதிவேட்டில் கண்ணெதிரே இருந்தது. ஒன்பது ஆண்டுப் பழக்கம், கை தானாகவே அதைப் பார்த்து எழுதிவிட்டது. பக்கத்தில் ‘மாற்றமில்லை’ என்றும் போட்டுவிட்டது. மை காய்வதற்குள் கடல் சட்டென்று பின்வாங்கி, மூன்று நாள் நடைக்கு அப்பால் பனிக்காலத்தில் போய் நின்றது. சடை மிருகங்கள் திரும்பி வந்தன. கருவியில் படகு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியவில்லை.

நாத்தனார் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினாள்தான், மலை அடிவாரம்வரை திட்டிக்கொண்டே இவளைத் தாங்கிப் பிடித்து இறக்கினாள். நடந்ததை அலுவலகத்தில் மறைக்காமல் சொன்னாள் அளவையம்மா. தலைமை எழுத்தர் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “முதல் பதினேழு என் கையெழுத்தும்மா,” என்றார். மறுநாள் காலை அலுவலக ஜீப்பை அவரே எடுத்துவந்தார். கரையைப் போய்ப் பிடிக்கவே ஒரு பகல் ஆயிற்று. அங்கிருந்து அளந்துகொண்டு திரும்ப ஐந்து நாள். ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். எழுத்தர் கருவியைத் தோளில் சுமந்தார், சுமந்துகொண்டே மூச்சு வாங்க முனகினார், ஆனால் இறக்கி வைக்கவில்லை. நான்காம் தடவைக்குள் கம்பளிக்காரர் குடை பிடிக்க வந்தார். பத்தாவது தடவைக்குள் மீன் ஏலக்காரர் எண்களை உரக்கச் சொல்லிச் சரிபார்த்தார், அவர் குரல் கடல்வரை கேட்டது. அளவையம்மா ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை படித்தாள், அப்புறம்தான் எழுதினாள். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது நாத்தனார்தான்.

இருபத்தாறாவது எண்ணை எழுதிய மாலை, கடல் வந்து நின்றது. பழைய இடத்துக்கு அல்ல, இரண்டு தெரு உள்ளே, தையல்கடை வாசலுக்கு. படகு கடைப் படியில் மெல்ல இடித்து நின்றது. அவன் இறங்கி, “ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்தேன். இன்ஜின் நல்லா இழுக்குது,” என்றான். அவன் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. பிளாஸ்கைத் திறந்தான், டீ ஆவி பறந்தது. கரையில் ஊரே ஏன் கூடி நிற்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. அக்கா ஏன் தன்னைக் கட்டிக்கொண்டு முதுகில் அடிக்கிறாள் என்பதும் புரியவில்லை. பெண்டாட்டியைப் பார்த்து, தினமும் கேட்பது போல, “எப்படி இருக்கே?” என்றான்.

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை, பிறகு காலிலிருந்து தலைவரை, இரண்டு தடவை பார்த்தாள்.

“முட்டி ரெண்டும் வலிக்குது. ரெண்டு கிலோ இளைச்சிருக்கேன். உங்களைக் காணாம செத்துப் பொழைச்சேன். உங்களுக்கு இடது காதோரம் நரைச்சிருக்கு, தெரியுமா?”

“அது ரெண்டு வருஷமா இருக்கே,” என்றான் அவன்.

“இனிமே பாக்கறேன்,” என்றாள் அவள்.

கடல் அதற்கப்புறம் அங்கேயே இருந்தது. நாத்தனார் தையலோடு மீனும் விற்க ஆரம்பித்தாள். பழைய துறைமுகம் இப்போது கடலுக்கடியில் இருக்கிறது, தண்ணீர் தெளிந்த நாட்களில் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். மறு ஆண்டு அதே செவ்வாய்க்கிழமை ஊர் மொத்தமும் மலை ஏறியது. அவன் நீர் விளிம்பில் அளவுகோலைப் பிடித்தான், அவள் கருவிக்குள் அவனைத் தலைகீழாகப் பார்த்தாள். நரை வலது காதோரமும் தொடங்கியிருந்தது. மலை ஒரு மயிரிழை உயர்ந்திருந்தது. எழுதினார்கள். கடல் இருந்த இடத்திலேயே, அதாவது ஒரு சாண் தள்ளி, இருந்தது.